நியூசிலாந்து மருத்துவம்: இலவசம் எங்கே முடிகிறது?

நியூசிலாந்தின் அரசு மருத்துவமனை ஒன்றில் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பும் நோயாளி அதற்காக ஒரு சதமும் செலுத்துவதில்லை. ஆனால், அவரை அந்த மருத்துவமனைக்குப் பரிந்துரைத்த குடும்ப மருத்துவரைச் சந்தித்ததற்கு அவர் கட்டணம் செலுத்தியிருப்பார். பெரிய செலவை அரசு ஏற்றுக்கொண்டு, சிறிய செலவை நோயாளியிடம் விட்டுவிடும் இந்த ஏற்பாடு, அங்கு குடியேறும் தமிழர்களில் பலருக்குப் புதிராகவே இருக்கிறது. இலங்கையில் அரசு மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பிரிவில் கட்டணமில்லை. பிரிட்டனிலும் குடும்ப மருத்துவரைப் பார்ப்பதற்குக் கட்டணமில்லை.

இந்தப் புதிருக்கான விடை 1938ஆம் ஆண்டில் இருக்கிறது. மைக்கேல் ஜோசப் சாவேஜ் தலைமையிலான தொழிற்கட்சி அரசு அவ்வாண்டு நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டம், பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை தொடங்குவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, அனைவருக்கும் இலவச மருத்துவம் என்ற கொள்கையை முன்வைத்தது. மருத்துவமனைகளைப் பொறுத்தவரை அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் தனியாகத் தொழில் நடத்திய மருத்துவர்கள் அரசின் ஊதியத்துக்குள் வர மறுத்தனர். நீண்ட இழுபறிக்குப் பின்னர் 1941இல் ஒரு சமரசம் ஏற்பட்டது. நோயாளி ஒருவரைப் பார்ப்பதற்கு ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸை அரசு தரும். அதற்கு மேல் நோயாளியிடம் வாங்கும் உரிமை மருத்துவருக்கு உண்டு. விலைவாசி ஏறிய அளவுக்கு அரசின் பங்கு ஏறவில்லை. ஆகவே நோயாளியின் பங்கு வளர்ந்துகொண்டே போனது. போர்க்காலத்தில் செய்துகொள்ளப்பட்ட அந்த உடன்பாட்டின் விளைவை இன்றைய நோயாளிகளும் அனுபவிக்கிறார்கள்.

மனுக்காவ் குடாவின் இரு கரைகள்

ஆக்லாந்தின் தென்மேற்கே, மனுக்காவ் குடாவைப் பார்த்தபடி மேட்டில் அமைந்திருக்கும் புறநகர் ஹில்ஸ்பரோ. அருகிலுள்ள மவுண்ட் ரோஸ்கில் பகுதியோடு சேர்த்துப் பார்த்தால், மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதிப்பேர் ஆசிய வம்சாவளியினர். இந்தியர், ஃபிஜி இந்தியர், இலங்கையர் எனத் தெற்காசியர்கள் பெருமளவில் வாழும் பகுதி இது. குடாவின் எதிர்க்கரையில் தெரிவது மாங்கெரே. அங்கு பசிபிக் தீவினரும் மாவோரி மக்களும் அதிகம், வருமானம் குறைவு.

2001 முதல் 2022 ஜூன் வரை இந்த இரு கரைகளும் இரு வேறு மாவட்ட சுகாதார வாரியங்களின் கீழ் இருந்தன. ஹில்ஸ்பரோவாசிகள் ஆக்லாந்து வாரியத்துக்கும் நகர மையத்தை ஒட்டிய ஆக்லாந்து சிட்டி மருத்துவமனைக்கும் உரியவர்கள். மாங்கெரேவாசிகள் கவுண்டீஸ் மனுக்காவ் வாரியத்துக்கும் மிடில்மோர் மருத்துவமனைக்கும் உரியவர்கள். நாடெங்கும் இவ்வாறு 20 வாரியங்கள் இருந்தன. ஒரே நோய்க்கு ஒரு வாரியத்தில் கிடைக்கும் அறுவைச் சிகிச்சை அடுத்த வாரியத்தில் கிடைக்காமலோ, வெகுகாலம் தாமதமாகியோ போகலாம். முகவரியே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது என்ற குற்றச்சாட்டு வலுத்ததால், 2022 ஜூலை 1ஆம் தேதி வாரியங்கள் அனைத்தும் கலைக்கப்பட்டு, ஹெல்த் நியூசிலாந்து என்ற ஒரே தேசிய அமைப்பு உருவாக்கப்பட்டது. அதனுடன் மாவோரி சுகாதார ஆணையம் ஒன்றும் அமைக்கப்பட்டது. 2023 தேர்தலில் ஆட்சி மாறியது. அந்த ஆணையம் 2024 ஜூன் இறுதியில் மூடப்பட்டது. சந்தைப் போட்டியை நம்பிய 1990களின் சீர்திருத்தங்களையும் கணக்கில் எடுத்தால், நிர்வாகப் பெயர்ப்பலகை மாறுவது அந்நாட்டு மருத்துவமனைகளுக்குப் பழகிப்போன ஒன்று.

குடும்ப மருத்துவர் கட்டணத்தில் இரு கரைகளுக்கும் இடையிலான வேறுபாடு இன்னொரு வகையானது. வறியவர்களும் மாவோரி, பசிபிக் மக்களும் பாதிக்கு மேல் பதிவுசெய்துள்ள மருத்துவ நிலையங்களுக்கு, கட்டணத்தைக் குறைவாக வைத்துக்கொள்வதற்காக அரசு கூடுதல் நிதி அளிக்கிறது. அங்கு வயதுவந்தவர் சுமார் 20 டாலருக்கு மருத்துவரைப் பார்க்கலாம். மாங்கெரே போன்ற பகுதிகளில் இத்தகைய நிலையங்கள் பல உண்டு. மற்ற இடங்களில் 60 டாலருக்கு மேல் கேட்பது சாதாரணம். 14 வயதுக்கு உட்பட்டோருக்கு இலவசம். குறைந்த வருமானத்தினருக்கான கம்யூனிட்டி சர்விசஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் 2018 டிசம்பர் முதல் பெரும்பாலான இடங்களில் சலுகை உண்டு. இவ்விரண்டுக்கும் வெளியே நிற்பவர், அட்டைக்கான வருமான வரம்பைச் சற்றே தாண்டிய டாக்ஸி ஓட்டுநரோ, முதியோர் இல்லப் பணியாளரோதான். பிடித்த காய்ச்சல் தானாக இறங்கட்டும் என்று அவர் காத்திருப்பார். நோய் முற்றிய பின் அவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால் அரசுக்கு ஆகும் செலவு, அந்த மருத்துவர் கட்டணத்தைப் போலப் பல மடங்கு.

மருந்துச்சீட்டுக் கட்டணமும் அரசியலோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. ஒரு மருந்துக்கு ஐந்து டாலர் என்றிருந்த கட்டணத்தை 2023 ஜூலையில் தொழிற்கட்சி அரசு நீக்கியது. சரியாக ஓராண்டில் அடுத்த அரசு, சிறுவர்கள், 65 வயதுக்கு மேற்பட்டோர், சலுகை அட்டையினர் தவிர்ந்த மற்றவர்களுக்கு அதை மீண்டும் விதித்தது.

விழுந்தவரும் நோயுற்றவரும்

நியூசிலாந்து முறையில் ஆய்வாளர்களின் கவனத்தை மிகவும் ஈர்த்த அம்சம் ஏசிசி எனப்படும் விபத்து இழப்பீட்டுத் திட்டம். நீதிபதி ஓவன் உட்ஹவுஸ் தலைமையிலான ஆணையம் 1967இல் அளித்த அறிக்கையிலிருந்து உருவாகி, 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திட்டம் இது. விபத்துக்கு யார் காரணம் என்ற கேள்வியே எழுவதில்லை. காயமடைந்த எவருக்கும் சிகிச்சைச் செலவும், வேலை செய்தவராக இருந்தால் வருமானத்தில் 80 சதவீதமும் கிடைக்கும். பதிலுக்கு, காயத்துக்கான இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரும் உரிமையை மக்கள் விட்டுக்கொடுத்தனர்.

ஆனால் நோய்க்கு இது பொருந்தாது. ஒரே தொழிற்சாலையில் வேலை செய்யும் இருவரில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொள்கிறார். மற்றவர் பக்கவாதத்தால் படுக்கையில் விழுகிறார். முதலாமவரின் வீட்டுக் கடன் தவணை தொடர்ந்து கட்டப்படும். இரண்டாமவருக்கு மருத்துவமனைப் படுக்கை இலவசம். அதன் பின்னர் அவர் நம்பியிருக்க வேண்டியது, மனைவியின் வருமானத்தையும் கணக்கில் எடுத்துக் குறைக்கப்படும் சமூகநல உதவித்தொகையை. திட்டத்தை நோய்க்கும் விரிவுபடுத்த வேண்டும் என்பது உட்ஹவுஸின் விருப்பமாக இருந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் எந்த அரசும் அதைச் செய்யவில்லை.

மருந்துக்கு ஒரு காவலாளி

மருந்துச் செலவைக் கட்டுப்படுத்துவதற்கென்றே 1993இல் ஃபார்மாக் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. மருந்துகளை மொத்தமாகப் பேரம் பேசி வாங்கும் யோசனையைத் தமிழக வாசகர்கள் அறிவார்கள்: 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்காகச் செய்வதும் அதுவே. ஃபார்மாக்கின் அதிகாரம் இன்னும் பரந்தது. நாட்டில் எந்த மருந்துக்கு அரசு மானியம் தரும் என்பதை வரையறுக்கப்பட்ட நிதிக்குள் அதுவே முடிவு செய்கிறது. இதனால் காப்புரிமை முடிந்த பழைய மருந்துகள் மிக மலிவு; புதிய மருந்துகளுக்கோ நீண்ட காத்திருப்பு. மார்பகப் புற்றுநோய்க்கான ஹெர்செப்டினை ஒன்பது வாரங்களுக்கு மட்டும் தர ஃபார்மாக் முடிவு செய்தபோது, பன்னிரண்டு மாதங்களுக்குத் தருவதாக ஜான் கீயின் தேசியக் கட்சி 2008 தேர்தலில் வாக்குறுதி அளித்து, வென்ற பின் நேரடியாக நிதி ஒதுக்கியது. 2024இலும் புற்றுநோய் மருந்துகள் குறித்த தேர்தல் வாக்குறுதியின் தொடர்ச்சியாக நான்கு ஆண்டுகளுக்கு 604 மில்லியன் டாலர் கூடுதலாக அறிவிக்கப்பட்டது. குரலெழுப்பக்கூடிய நோயாளிகளின் மருந்து முன்னால் வருவது நியாயமா என்பது வேறு கேள்வி.

தெற்காசியர்களை நேரடியாகத் தொட்ட முடிவு 2021 பிப்ரவரியில் வந்தது. எம்பாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மருந்துக்கு மானியம் தர ஃபார்மாக் முன்வந்தது. இதயத்தையும் சிறுநீரகத்தையும் பாதுகாக்கும் மருந்து அது. சர்க்கரை அளவு கட்டுப்படாதவர்களில் இதய நோய் அல்லது அதற்கான உயர் அபாயம், சிறுநீரகப் பாதிப்பு போன்றவை இருப்பவர்களுக்கு அது கிடைக்கும். அல்லது, நோயாளி மாவோரியாகவோ பசிபிக் இனத்தவராகவோ இருந்தால் போதும். நீரிழிவு வீதத்தில் பசிபிக் மக்களுக்கு அடுத்த இடத்தில் இருப்பவர்கள் இந்திய வம்சாவளியினர். அவர்கள் இந்த இனப் பட்டியலில் இல்லை.

இதைப் பாகுபாடு என்று கருதும் நம்மவர்கள் உண்டு. முடிவின் காரணத்தையும் அறிய வேண்டும். நீரிழிவு வந்த பின் சிறுநீரகம் செயலிழப்பதும், காலை இழப்பதும், இளவயதில் இறப்பதும் மாவோரி, பசிபிக் மக்களிடையே மிக அதிகம். 2017-2019 காலப் புள்ளிவிவரப்படி மாவோரி மக்களின் ஆயுட்காலம் மற்றவர்களைவிட ஏழு ஆண்டுகளுக்கு மேல் குறைவு. ஆரம்ப சுகாதார சேவையை அரசு அமைத்த விதமே வைத்தாங்கி ஒப்பந்தத்தை மீறுகிறது என்று வைத்தாங்கி தீர்ப்பாயம் 2019இல் கூறியது. வருமானத்தை மட்டும் அளந்து இந்த இடைவெளியைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே இனத்தைக் கணக்கில் எடுப்பது தவறு என்ற வாதத்தை இக்கட்டுரையாளர் ஏற்கவில்லை.

மேலும், அதே இன அளவுகோல் தமிழர்களுக்கும் உதவுகிறது. இதய நோய் அபாயப் பரிசோதனையைப் பொதுவாக ஆண்கள் 45 வயதிலும் பெண்கள் 55 வயதிலும் தொடங்க வேண்டும் என்பது நியூசிலாந்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டல். மாவோரி, பசிபிக், தெற்காசிய மக்களுக்கு மட்டும் அது 30, 40 வயது. ஹில்ஸ்பரோவில் வாழும் 32 வயதுத் தமிழ் இளைஞரின் குருதியைப் பரிசோதிக்குமாறு மருத்துவரிடம் சொல்வது அவருடைய இனம்தான்.

கணக்கில் காணாமல் போவோர்

சிக்கல், இனத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்பதில் இருக்கிறது. சுகாதார அறிக்கைகள் பலவற்றில் 'ஆசியர்' ஒரே பிரிவு. சீனர், கொரியர், இந்தியர் அனைவரையும் கலந்து எடுக்கும் சராசரியில் ஆசியர்கள் நலமாகவே தெரிகிறார்கள். தெற்காசியரின் இதய நோயும் நீரிழிவும் அதற்குள் மறைகின்றன. அடுத்த படிநிலையில் இந்தியர் தனியாக எண்ணப்படுகின்றனர். ஆனால் இலங்கையர் 'ஏனைய ஆசியர்' பிரிவில் சேர்கிறார்கள். நாட்டின் விரிவான இனப் பட்டியலில் இந்தியத் தமிழருக்கும் இலங்கைத் தமிழருக்கும் தனித்தனி இடம் உண்டு என்றாலும், அந்த அளவுக்குப் பிரித்து வெளியிடப்படும் சுகாதாரத் தகவல் அரிது. மதுரையிலிருந்து வந்தவரின் நீரிழிவு ஒரு பத்தியிலும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவரின் நீரிழிவு வேறொரு பத்தியிலும் பதிவாகின்றன. தமிழ் அமைப்புகள் குரல் கொடுக்க வேண்டிய இடம் இதுவே என்று தோன்றுகிறது.

காலம் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. 2023இல் ஆக்லாந்து மருத்துவமனைகள் அறுவைச் சிகிச்சைக்கான வரிசையை ஒழுங்குபடுத்த, மருத்துவ அவசரம், காத்திருந்த காலம், வசிப்பிடம், வறுமை, இனம் ஆகிய ஐந்தையும் எடைபோடும் கணினி முறையைப் பயன்படுத்துவது தெரியவந்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. 2024 செப்டம்பரில், அரசு சேவைகள் இனத்தை அல்லாமல் தேவையை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று அமைச்சரவை அறிவுறுத்தியது. குடல் புற்றுநோய்ப் பரிசோதனையில் அதன் தாக்கம் தெரிந்தது. மாவோரிகளில் இந்நோய் காண்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு 60 வயதுக்கு முன்பே வந்துவிடுகிறது. எனவே அவர்களுக்கும் பசிபிக் மக்களுக்கும் 50 வயதிலேயே பரிசோதனை என்ற திட்டம் இருந்தது. 2025 மார்ச்சில் அரசு அந்தப் பணத்தை மாற்றி, அனைவருக்கும் வயதை 60இலிருந்து 58ஆகக் குறைப்பதாக அறிவித்தது. ஒரே வயது வரம்பு எல்லோருக்கும் சமம்தான். 52 வயதில் நோய் வருபவருக்கு அது பயன்படாது.

வருகை தரும் பெற்றோர்

குடியேறுவோர் இந்த முறைக்குள் நுழையும் வாசலிலேயே ஒரு விலை எழுதப்பட்டிருக்கிறது. வதிவிட உரிமை கோருபவரின் நோய்க்கு ஐந்தாண்டுகளில் 81,000 டாலருக்கு மேல் செலவாகக்கூடும் என்று கணிக்கப்பட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். 2022 வரை இந்த வரம்பு 41,000 டாலராக இருந்தது. சிறுநீரக டயாலிசிஸ் தேவைப்படுவோருக்கு ஏறத்தாழ வழியே இல்லை. அதேநேரம், நாட்டின் மருத்துவர்களில் ஏறத்தாழ பத்தில் நால்வர் வெளிநாட்டில் பயின்றவர்கள். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இலவசக் கல்வியில் உருவான மருத்துவர் ஆக்லாந்தில் பணியாற்றும்போது, அவரது பயிற்சிக்கு இலங்கை செலவிட்ட தொகையை எந்தக் கணக்கும் காட்டுவதில்லை.

பேரப்பிள்ளைகளைப் பார்க்க வருகை விசாவில் வரும் பெற்றோர் அரசு மருத்துவத்துக்கு உரியவர்கள் அல்லர். ஹில்ஸ்பரோவில் மகன் வீட்டுக் குளியலறையில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், ஏசிசி வருகையாளரையும் உள்ளடக்குவதால் சிகிச்சைச் செலவு பெரும்பாலும் ஏற்கப்படும். அதே அம்மாவுக்கு அதே குளியலறையில் மாரடைப்பு வந்தால் முழுச் செலவும் குடும்பத்தின் தலையில் விழும். 2025 செப்டம்பர் இறுதியில் அறிமுகமான, பெற்றோர் ஐந்தாண்டுகள் வரை தங்க அனுமதிக்கும் புதிய விசா, மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. நெடுநாள் நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள எழுபது வயதுக்காரருக்கு, ஏற்கெனவே உள்ள அந்த நோய்களை விலக்காத காப்பீட்டைக் கட்டுப்படியாகும் விலையில் தேடுவது, விசாவுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் வேலையாக இருக்கிறது.