பட்டைக் குழியும் குரோம் உருளையும்

பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என நீளும் தோல் தொழில் ஊர்களின் வரலாறு, பச்சைத் தோலை அழுகாத பொருளாக்கும் இரு முறைகளில் எதைக் கைக்கொள்வது என்ற நீண்ட கேள்வியின் வரலாறும் ஆகும். ஒன்று மரப்பட்டையின் துவர்ப்பைத் தோலுக்குள் ஏற்றும் பழைய பட்டைப் பதனீடு. மற்றொன்று குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பைக் கொண்டு செய்யும் குரோம் பதனீடு. புதியது சிறந்ததாக இருந்ததால் பழையது ஒதுங்கியது என்று சொல்லிவிடுவது எளிது. ஆயினும் தோலின் தரத்தைக் காட்டிலும், அதை வாங்கியவர் யார், எந்த நிலையில் வாங்கினார் என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்தது.

பழைய முறையில், உப்பிட்டு வந்த தோல் நீரில் ஊறி, சுண்ணாம்புக் குழியில் மயிர் தளர்ந்து, சாய்த்து வைத்த மரத்தின் மேல் இருபிடிக் கத்தியால் சதை சீவப்பட்ட பின்னரே பட்டைக் குழிக்குச் சென்றது. வறண்ட நிலத்தில் தானாக வளரும் ஆவாரஞ் செடியின் பட்டையை இடித்து ஊறவைத்த சாற்றில், முதலில் நீர்த்த சாறு, பிறகு கெட்டிச் சாறு எனத் தோலைக் குழி மாற்றிக்கொண்டே போவர். எடுத்த எடுப்பிலேயே கெட்டிச் சாற்றில் இட்டால் மேற்புறம் இறுகிவிட, துவர்ப்பு உள்ளே இறங்காது. ஓரத்தில் ஒரு சிறு கீற்றை நறுக்கி, வெட்டுமுகத்தின் நடுவில் வெளிறிய கோடு எஞ்சியுள்ளதா என்று பார்ப்பர். அக்கோடு மறைந்தால்தான் பதம் முடிந்தது என்று பொருள். கடுக்காய்ச் சாறு நிறத்தைத் தெளிவித்தது, எண்ணெய் மென்மையைத் தந்தது. வாரக்கணக்கில் நீடித்த இவ்வேலையின் உழைப்பு பெரும்பாலும் தலித் மக்களுடையதாகவும், முதலும் வணிகமும் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுடையனவாகவும் இருந்தன.

இவ்வாறு பதனிட்டும் இறுதி மெருகேற்றாததால் வணிகத்தில் அரைகுறைத் தோல் எனப்பட்ட இது, கிழக்கிந்தியத் தோல் என்னும் பெயரில் லண்டன் சந்தைக்குச் சென்றது. அங்குள்ள ஆலைகள் அதன் துவர்ப்பில் ஒரு பகுதியைக் கழுவி நீக்கி, குரோமில் மறுபடி பதனிட்டு, அரைக் குரோம் என்னும் இடைப்பட்ட தோலாக மாற்றவும் செய்தன. பழைய முறையின் பொருளையே புதிய முறை தனக்குரிய மூலப்பொருளாக்கிக்கொண்ட நிலை அது. முதல் உலகப் போரில் படைவீரர் காலணிகளின் மேற்தோலுக்காக பிரிட்டிஷ் அரசு இத்தோலைப் பெருமளவில் வாங்கியபோது, பட்டைக் குழிகளைக் கைவிடுவதற்குப் பாலாற்றங்கரையில் காரணமே இல்லாதிருந்தது.

குரோம் முறைக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884இலும், அதை ஒரே கரைசலில் முடிக்கும் எளிய வழிக்கு மார்ட்டின் டென்னிஸ் 1893இலும் காப்புரிமை பெற்றனர். சென்னை மாகாணத்தில் 1903 முதல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் நடத்திய அரசுச் சோதனைகளில், கிணற்றிலிருந்து மாடுகளைக் கொண்டு நீர் இறைக்கும் கவலை என்னும் அமைப்புக்கான தோல் சால் முக்கிய இடம் பெற்றது. எப்போதும் நனையும் பொருளுக்குக் குரோம் தோல் பொருத்தமானது. கொதிநீரில் இட்டால் பட்டைத் தோல் சுருண்டு விறைத்துவிடும், நன்கு பதமான குரோம் தோலோ அதைத் தாங்கி நிற்கும். பதத்தை அறிய இன்றும் இக்கொதிநீர்ச் சோதனையையே செய்கின்றனர். உழவனின் தேவையிலிருந்து புதுமையைத் தொடங்கியது இம்முயற்சியின் சிறப்பு. அரசே தொழில் நடத்துவதை 1910இல் பிரிட்டிஷ் அமைச்சரவையின் இந்தியா மந்திரி மார்லி பிரபு ஏற்காததால் அது தனியார் வசம் போயிற்று. 1912இல் சென்னைக்கு அருகே தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியின் பெயரை இன்றும் குரோம்பேட்டை தாங்கி நிற்கிறது.

தோல் வட்டாரத்தில் பெருமாற்றம் வந்தது 1970களில்தான். அரைகுறைத் தோலாக அனுப்பாமல் முடிவுற்ற தோலாகவும் காலணியாகவும் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று அரசின் சீதாராமையா குழு பரிந்துரைத்ததைத் தொடர்ந்து, அரைகுறைத் தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. குழியில் வாரக்கணக்கில் கிடந்த தோல், சுழலும் மர உருளையான டிரம்மில் ஓரிரு நாளில் நீலம் பாய்ந்த ‘வெட் புளூ’வாக வெளிவந்தது, ஆம்பூரின் காலணி ஆலைகள் கேட்ட மெல்லிய, சீரான மேற்தோல் அதிலிருந்தே கிடைத்தது.

இம்மாற்றத்தின் விலையைத் தண்ணீர் செலுத்தியது. வழக்கமான முறையில் இடும் குரோமியத்தில் 60 முதல் 70 விழுக்காடே தோலில் தங்குகிறது, மிச்சம் கழிவில் போகிறது. தோல் ஆலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. ஆயினும் குற்றம் முழுவதையும் குரோமின் மேல் ஏற்றுவது நேர்மையன்று. பச்சைத் தோலை ஊறவைக்கையில் கழன்றுவரும் உப்பு இரு முறைகளுக்கும் பொது. கிணறுகளை உவராக்கியதில் அதன் பங்கு பெரிது. பட்டைக் குழியின் கரிய நீரும், நீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சிக்கொள்வதால், தீங்கற்றது அன்று.

மனிதச் சருமத்தைத் தொடும் தோல் பொருள்களில் ஆறிணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்னும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2015 மே மாதம் நடைமுறைக்கு வந்தபின், உலோகம் சேராத தோல் என்னும் பேச்சு வலுத்துள்ளது. கிழக்கிந்தியத் தோலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. ஆனால் இன்று பட்டைப் பதனீடு செய்வோர் பெரும்பாலும் கையாள்வது, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளிலிருந்து மூட்டைகளில் வந்திறங்கும் வாட்டில் பட்டைச் சாற்றின் பொடியை. பாலாற்றங்கரை வறண்ட நிலத்தில் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் ஆவாரையின் பட்டையை உரிப்பவர் அரிதாகிவிட்டனர்.