கழகங்களும் கதவுகளும்: ஒரு பொன்விழாக் குறிப்பு

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம் இந்த ஆண்டு பொன்விழாக் காண்கிறது. நாவலப்பிட்டி நகரிலிருந்து பஸ்ஸில் அரைமணித்தியாலம் உள்ளே போனால் வரும் சிறிய முஸ்லிம் கிராமம் எங்களுடையது. விழா மலருக்குக் கழகத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். "நீங்கதானே ஸேர் ஊரில எழுதுறவர்" என்று செயலாளர் தம்பி சொன்னபோது மறுக்க முடியவில்லை. பாடசாலையில் வரலாறு படிப்பிப்பவன் நான். ஆசிரியர் கலாசாலையில் உடற்கல்வியும் பயின்றதால் மாலையில் விசிலும் என் கழுத்தில்தான்.

கழகத்தின் ஆவணங்கள் என்று கிடைத்தவை எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் தகரத்துக்குள் அடங்கிவிட்டன. மூன்று கூட்டறிக்கைக் கொப்பிகள், சந்தாப் பற்றுச்சீட்டுக் கட்டுகள், ஓரம் அரித்துப்போன யாப்பு, பதினேழு புகைப்படங்கள். மழை ஓயாத எங்கள் ஊரில் கடதாசி இவ்வளவு காலம் தாங்கியதே பெரிய காரியம்.

அந்த யாப்பின் நான்காம் பிரிவுதான் இக்கட்டுரைக்குக் காரணம். உறுப்பினராகச் சேருபவர் எங்கள் ஊர் ஜமாஅத்தைச் சேர்ந்தவராக இருத்தல் வேண்டும் என்கிறது அது. விழாக் குழுவின் இரண்டாவது கூட்டத்தில் எதிர்காலத் திட்டம் பற்றிப் பேச்சு வந்தது. மைதானத்துக்கு வடிகான் வெட்டுவது, கட்டடத்துக்குக் கூரை மாற்றுவது என்பவற்றில் எல்லோரும் ஒன்றாகவே இருந்தார்கள். ஒரு இளைஞர் எழுந்து நான்காம் பிரிவை நீக்க வேண்டும் என்றதும் கூட்டம் இரண்டாகியது.

மூத்த ஹாஜியார் ஒருவர் சொன்னார்: "டவுன் டீம்ல நம்மட பொடியன்மார் வருசக்கணக்கா பெஞ்சில குந்திக்கிட்டு இருந்தாங்க. அதுக்குத்தான் நாங்க சல்லி சேர்த்து இதை உண்டாக்கினோம். இப்ப கதவைத் திறந்து விட்டா நம்மட பிள்ளைகள் திரும்பவும் பெஞ்சுக்குத்தான் போவாங்க."

அவரது பேச்சில் நியாயம் இருந்தது. அவர் சொல்லாமல் விட்ட இன்னொன்றும் இருந்தது. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியாவிலும் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்த நாட்களில், எங்கள் ஊரிலும் இரவு முழுக்க ஆண்கள் விழித்திருந்தார்கள். அந்தப் பயத்தின் பிறகு, எஞ்சியிருக்கும் ஒன்றையாவது நமக்கென்று வைத்துக்கொள்வோம் என்று ஒருவர் நினைப்பதைக் குற்றமாகச் சொல்ல முடியாது.

வரலாறு எழுதுபவன் என்பதால் கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உடனே பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அதன்பின் தேடிப் பார்த்ததில் தெளிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூடிய கதவுக்கு முன்னால்

நாவலப்பிட்டிக்குப் புகையிரதம் வந்தது 1874ஆம் ஆண்டில். அதற்கு மேலே நானுஓயாவரை பாதை நீள இன்னும் பதினொரு ஆண்டுகள் சென்றன. அதற்கிடையே பல ஆண்டுகள் மலைநாட்டுப் பாதையின் கடைசித் தரிப்பிடம் நமது ஊர்தான். அதே 1874இல் கண்டியில் இன்னொன்றும் தோன்றியது: கண்டி விளையாட்டுக் கழகம். பிற்காலத்தில் நாட்டின் றக்பி உலகையே ஆண்ட நித்தவலைக் கழகம் அதுதான். அன்று அது தோட்டத்துரைமாரும் வெள்ளைக்கார உத்தியோகத்தரும் பொழுதுபோக்கும் இடமாகவே இருந்தது.

இலங்கையில் கிரிக்கெட் ஆடியதற்கான பழைய பதிவுகள் 1832ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கின்றன. அவை வெள்ளையரின் கழகமும் படைப்பிரிவுகளும் ஆடிய ஆட்டங்கள். பந்து பொறுக்கவும் மைதானம் கூட்டவும் மட்டுமே சுதேசிகள் தேவைப்பட்டார்கள். கொழும்பின் ஐரோப்பியர் கழகம் மிக நீண்ட காலம் ஐரோப்பியருக்கு மட்டுமே உறுப்புரிமை கொடுத்தது.

அந்தக் கதவு மூடியிருந்தபோது, இந்நாட்டவரில் முதலில் தமக்கென்று கழகம் அமைத்தவர்கள் மலாயர். 1872இல் தொடங்கிய கொழும்பு மலாய் கிரிக்கெட் கழகமே சுதேசிகளின் முதற் கிரிக்கெட் கழகம் எனக் கொள்ளப்படுகிறது. இலங்கை ரைபிள் படையில் சேவை செய்த குடும்பங்கள் அவர்களுடையவை. படைமுகாமில் ஆங்கிலச் சிப்பாய்கள் ஆடியதைப் பார்த்துப் பழகியவர்கள். 1873இல் அப்படை கலைக்கப்பட்டது. சீருடை போய்விட்டது, கழகம் நின்றது. கொம்பனித்தெருவில் அவர்கள் ஆடிய மைதானத்துக்குப் 'படாங்' என்று தம் மொழியிலேயே பெயர் வைத்தார்கள். 2022இல் அக்கழகத்துக்கு 150 ஆண்டுகள் நிறைந்தன.

மலாயருக்குப் பின் மற்றவர்கள் வந்தார்கள். 1896இல் பறங்கியர் கழகம். 1899ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு: சிங்களவர்களின் எஸ்.எஸ்.சி., தமிழர்களின் தமிழ் யூனியன். 1908இல் சோனகரின் மூர்ஸ் விளையாட்டுக் கழகம். இவற்றுக்கிடையே 1888இல் தோன்றிய என்.சி.சி. மட்டும் எந்த இனப் பெயரையும் சூடவில்லை. எந்த வகைக்குள்ளும் அடங்காதவர்கள் என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பெயராக்கிக்கொண்டது. அந்தக் காலத்திலேயே அப்படியும் ஒரு வழி இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூர்ஸ் கழகம் பிறந்த காலத்தை இலக்கிய வாசகர் வேறு வழியாக அறிவார். கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியது 1882இல். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கு வாழ்ந்த ஒராபி பாஷாவின் ஊக்கமும் சேர, மருதானையில் பிற்காலத்து ஸாஹிராக் கல்லூரி 1892இல் முளைத்தது. 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் நீதிமன்றில் தோன்றத் தடைவிதிக்கப்பட, சமூகமே எழுந்து நின்றது. மூன்று ஆண்டுகளில் விளையாட்டுக் கழகம். பத்திரிகை, பாடசாலை, தொப்பி, மைதானம் என்று இவற்றை வரிசையில் வைத்துப் பார்த்தால், தன் காலில் நிற்க முயன்ற ஒரு சமூகத்தின் நான்கு அடிகள் தெரியும். எங்கள் ஹாஜியார் சல்லி சேர்த்ததும் அந்த வழியில்தான்.

பின்னர் நடந்தது

கல்கத்தாவில் 1891இல் தோன்றிய முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் கதையும் இதற்குப் பொருந்தும். 1934இல் கல்கத்தா உதைபந்தாட்ட லீக்கை வென்ற முதல் இந்தியக் கழகம் அது. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அக்கிண்ணத்தை எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வெற்றிகள் இந்திய முஸ்லிம்களுக்குக் கொடுத்த பெருமிதம் கொஞ்சமல்ல. ஆனால் அதே காலத்தில் பம்பாயில் கிரிக்கெட் வேறு பாதையில் போனது. பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள், ஐரோப்பியர் எனச் சமயவாரியாக அணி பிரித்து ஆடிய போட்டி அது. 1940இல் காந்தி அதை எதிர்த்துக் கருத்துச் சொன்னார். 1946க்குப் பின் போட்டியே நின்றுபோயிற்று. கல்கத்தாக் கழகமோ தன் பெயரை மாற்றாமலேயே எல்லாச் சமூகத்து வீரர்களையும் சேர்த்துக்கொண்டு இன்றும் ஆடுகிறது. 2024இல் இந்தியாவின் முதல்தர லீக்குக்கு அது முன்னேறியது.

நமது நாட்டிலும் கழகங்களின் பெயர்கள் அப்படியே இருக்கின்றன, உள்ளே ஆடுபவர்கள்தான் மாறிவிட்டார்கள். 1982 பெப்ரவரியில் இலங்கை தனது முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடியது தமிழ் யூனியன் கழகத்தின் மைதானத்தில். 1985இல் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அங்கேயே. ஒரு சமூகம் தனக்கென்று தேடிக்கொண்ட நிலம் ஒரு நாட்டின் முதல் மேடையாயிற்று. கண்டியில் பிறந்து 800 டெஸ்ட் விக்கெட்டுகளை எடுத்த முத்தையா முரளிதரனும் அக்கழகத்தவரே.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ரங்கன ஹேரத். குருநாகலைச் சேர்ந்த சிங்கள இளைஞர். மூர்ஸ் கழகத்துக்காகப் பல ஆண்டுகள் பந்துவீசினார், பின்னர் தமிழ் யூனியனுக்கு மாறினார். 433 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் 2018இல் ஓய்வுபெற்றார். சோனகர் கழகமும் தமிழர் கழகமும் இவருக்குக் கதவைச் சாத்தியிருந்தால் நட்டம் அவருக்கு மட்டுமா? 2002–2003 பருவத்தில் மூர்ஸ் கழகம் நாட்டின் முதல்தரக் கிண்ணத்தை வென்றதும் இப்படித் திறந்த கதவுகளின் பலன்தான்.

நம் நாவலப்பிட்டியையும் பாருங்கள். 2021இல் நாட்டின் பத்துக் கழகங்களைத் தெரிந்து தொடங்கிய சூப்பர் லீக் உதைபந்தாட்டத்தில் இடம்பிடித்தது நாவலப்பிட்டியின் அப்கன்றி லயன்ஸ். கொழும்புக் கழகங்களுடன் தோளுரசிய அந்த அணியின் பெயரில் மலை இருக்கிறது, இனம் இல்லை.

ஒரு புகைப்படம்

இவ்வளவையும் எழுதிவிட்டு, என்னைப் பற்றிய ஒன்றை மறைத்தால் இது வரலாறாகாது.

தகரத்திலிருந்த பதினேழு படங்களில் ஒன்று 2004ஆம் ஆண்டினுடையது. நான் ஆசிரியனாக வந்த புதிது. அயல் ஊர்களுக்கிடையிலான உதைபந்தாட்டச் சுற்றில் எங்கள் கழகம் வென்ற கிண்ணத்துடன் பதினொரு பேர் நிற்கிறார்கள். இடது ஓரத்தில் கையுறையுடன் நிற்பவன் எங்கள் கோல் காப்பாளன். பக்கத்துத் தோட்டத்து லயத்தில் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளை, என் மாணவன். இறுதிப் போட்டியில் இரண்டு தண்ட உதைகளைத் தடுத்தவன் அவன்.

படத்தின் கீழே பதினொரு பெயர்கள் இருக்கின்றன. அவனுடைய பெயர் அவற்றில் இல்லை. நான்காம் பிரிவு காரணமாக அவனைப் பதிய முடியாது. ஆகவே அன்று விளையாட முடியாமல் காய்ச்சலில் கிடந்த ஓர் உறுப்பினரின் பெயரில் அவனை இறக்கினோம். வீரர்கள் பட்டியலில் அந்தப் பெயரை எழுதியது என்னுடைய கை. வகுப்பில் பொய் சொல்லும் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தும் அதே கை. வெற்றி விருந்தில் அவன் வாசலிலேயே நின்று சாப்பிட்டுவிட்டுப் போனதும் நினைவிருக்கிறது. உள்ளே வா என்று ஏனோ நானும் கூப்பிடவில்லை.

வெள்ளைக்காரன் நமக்குக் கதவைச் சாத்தினான் என்று மேலே எழுதினேன். டவுன் அணியில் நம் பிள்ளைகள் பெஞ்சில் இருந்ததையும் எழுதினேன். மூன்றாவது கதவைச் சாத்தியவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த ஐம்பதுக்கு

என் கருத்தை விழாக் குழுவிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கழகத்தின் பெயர் அப்படியே இருக்கட்டும். அது நம் மூத்தவர்களின் உழைப்பு, அதை அழிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் நான்காம் பிரிவில் 'ஜமாஅத்தைச் சேர்ந்தவர்' என்பதற்குப் பதிலாக 'இப்பிரதேசத்தில் வசிப்பவர்' என்று இருக்கட்டும். ஹாஜியாரின் பயத்துக்கும் வழி இருக்கிறது. பதினாறு வயதுக்குட்பட்ட அணி ஒன்றைத் தனியே அமைத்து, பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பருவத்தில் இத்தனை ஆட்டம் என்று யாப்பிலேயே எழுதிவிடலாம். அப்போது எவர் வீட்டுப் பிள்ளையும் வருடம் முழுக்கப் பெஞ்சில் இருக்க நேராது.

கணக்கும் தேர்தலும் ஒழுங்காக நடக்க வேண்டும். வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி 2023 ஜனவரியில் பீஃபா இலங்கை உதைபந்தாட்டத்தை இடைநிறுத்தியது, ஓகஸ்ட் வரை நம் வீரர்கள் சர்வதேச மைதானத்தில் கால்வைக்க முடியவில்லை. நிருவாகம் சறுக்கினால் விளையாடுபவன்தான் விழுவான். அது நாட்டுக்கும் பொருந்தும், தகரப் பெட்டிக் கழகத்துக்கும் பொருந்தும். அந்தத் தகரத்திலிருப்பவற்றைப் பிரதியெடுத்துப் பாடசாலை நூலகத்தில் ஒரு தொகுதி வைக்கவும் கேட்டிருக்கிறேன்.

மலரில் 2004ஆம் ஆண்டுப் படத்தைத் திருத்திய பெயருடன் போட விரும்பினேன். அனுமதி கேட்க அந்தப் பழைய மாணவனைத் தேடிப் போனேன். இப்போது நகரில் ஒரு கடையில் வேலை. நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பேரு போடுறது உங்க விருப்பம் சார்" என்றார். பிறகு சாமான் கட்டிக்கொண்டே, "மூத்தவனுக்குப் பன்னெண்டு வயசு. அவனும் கோல்லதான் நிக்கிறான். அவனைச் சேத்துக்குவீங்களா?" என்று கேட்டார்.

பொதுக்கூட்டம் அடுத்த மாதம் கூடுகிறது. நான்காம் பிரிவு நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. என் பெயரில்தான் அந்தப் பிரேரணை.