உத்தம புத்திரனும் காட்டு இளவரசியும்

பி.யு.சின்னப்பா என்றால் புதுக்கோட்டைக்காரர்களுக்குத் தனிப் பெருமை. அவர் பெயரின் முதல் எழுத்தே நம் ஊர்தானே! 1940-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'உத்தம புத்திரன்' படத்தில் அவருக்கு இரட்டை வேடம். தமிழ்ப் படத்தில் இரட்டை வேடம் வந்தது அதுதான் முதல் முறை.

கதை மட்டும் நம்முடையது அல்ல. பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் துய்மா எழுதிய இரும்பு முகமூடிக் கைதியின் கதை. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பதினான்காம் லூயி மன்னனும் அவனுடைய இரட்டைச் சகோதரனும் எனக்குப் பள்ளிக்கூட நாளிலேயே பழக்கம். மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர்.சுந்தரம் கதையை வாங்கிக்கொண்டார். ஆனால் மன்னன், அரண்மனை, பாட்டு எல்லாவற்றையும் நம்முடையதாக ஆக்கிவிட்டார். சின்னப்பாவுக்கு வெள்ளை மாவு பூசி லூயி ஆக்கவில்லை.

இதே கம்பெனி பன்னிரண்டு வருடம் கழித்து எடுத்த இன்னொரு படத்தைப் பாருங்கள். 1952-ல் அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தோடு சேர்ந்து ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்', தமிழில் 'காடு'. நம் யானைகளுக்கு ஒட்டு ரோமம் கட்டி ஆதிகாலத்து மாமத யானை ஆக்கினார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எனக்கு வேடிக்கையாகப் பட்டது வேறு. படத்தில் வரும் இந்திய இளவரசி மேரி வின்ட்சர், அமெரிக்க நடிகை. ராமா சிங் என்ற இந்தியராக வந்தவர் சீசர் ரொமேரோ, அவரும் அமெரிக்கர். எம்.என்.நம்பியார் போன்ற நம்மவர்கள் சில்லறை வேடங்களில் வந்து போனார்கள். பணத்தில் பங்கு நம்முடையது, காடும் யானையும் நம்முடையவை, முகம் மட்டும் அவர்களுடையது.

அந்தக் காலத்து மேல்நாட்டுப் படங்களின் வழக்கமே அப்படித்தான். 1937-ல் வந்த 'தி குட் எர்த்' படத்தில் சீனக் குடியானவப் பெண்ணாக நடித்து ஆஸ்கர் வாங்கியவர் லூயிஸ் ரைனர் என்ற ஐரோப்பியப் பெண்மணி. அமெரிக்காவிலேயே பிறந்த சீன வம்சத்து நடிகை அன்னா மே வோங் அப்போது நல்ல புகழோடு இருந்தும் அந்த வேடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

விதிவிலக்கு மைசூர் சாபு. மாவுத்தர் மகன். அதே 1937-ல் 'எலிஃபன்ட் பாய்' படத்தில் அறிமுகமாகி உலகப் புகழ் பெற்றார். ஆனாலும் யானை, காடு, தலைப்பாகை இவற்றை விட்டு அவரை அதிகம் வெளியே விடவில்லை. 1947-ல் 'பிளாக் நார்சிசஸ்' படத்தில் அவருக்கு ஜோடியாக வந்த இந்தியப் பெண், முகத்தில் பழுப்புச் சாயம் பூசிய ஆங்கிலேய நடிகை ஜீன் சிம்மன்ஸ்! இந்தியர் பக்கத்தில் நிற்க இந்தியப் பெண் ஒருத்தி அவர்களுக்கு அகப்படவில்லை.

துணை நடிகர்களைப் பிரெஞ்சில் 'ஃபிகுரான்' என்பார்கள். உருவம் மட்டும் காட்டுகிறவர் என்று வைத்துக்கொள்ளலாம். சொந்த மண்ணின் கதையிலேயே நம்மவர்கள் ஃபிகுரான்களாக நின்றார்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு நம் வீட்டுக் கணக்கைப் பார்க்காமல் விடக்கூடாது. 1963-ல் ஏவி.எம்.மின் 'நானும் ஒரு பெண்' வந்தது. கறுப்பாகப் பிறந்ததால் அவமானப்படும் பெண்ணின் கதை. ஊரே அழுதது. அந்தப் பெண்ணாக நடித்த விஜயகுமாரி நல்ல சிவப்பு. மை பூசித்தான் கறுப்பானார். அருமையான நடிப்பு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கறுப்புப் பெண்ணின் துக்கத்தைச் சொல்லக்கூட ஒரு கறுப்புப் பெண்ணைத் தேடவில்லையே! தமிழ்நாட்டில் அதற்கா பஞ்சம்?

ஹாலிவுட்காரனுக்கு நம் முகம் பழக்கமில்லை என்றாவது சொல்லிக்கொள்ளலாம். நமக்கு அந்தச் சாக்கும் கிடையாது. பெண் பார்க்கப் போகிற வீட்டில் "பொண்ணு என்ன நிறம்?" என்ற கேள்வி இன்றைக்கும் முதலில் வருகிறது. அதைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் என்னைவிடக் கறுப்பு.