ஜப்திக்கு எட்டாத வீடு

வேலூர்ப் பக்கம் ஒருவர் நொடித்துப்போனால் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்’ என்பார்கள். அதற்குப் பின் அவர் குடியிருக்கும் வீடு என்னவாகும்? டெக்சாஸ் குடியரசு 1839-லேயே குடும்பத்தின் வீட்டையும் 50 ஏக்கர் நிலத்தையும் கடன் கொடுத்தவர் கைக்கு எட்டாமல் வைத்தது. நம் நாட்டில் 1908 உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், பெண்கள் மத வழக்கப்படி கழற்றக்கூடாத தாலி ஆகியவற்றோடு, உழவர் குடியிருக்கும் வீட்டையும் ஜப்தியிலிருந்து காத்தது. 1920 மாகாணத் திவால் சட்டமும் அந்த விலக்கை ஏற்றது. ஆனால் சட்டம் காத்தது வீட்டை அல்ல, தொழிலை. நிலவரி செலுத்தியவர் உழவர் என்பதே காரணம் என்று கருதுகிறேன். அமிர்தி மலையடிவாரத்தில் ஏர் பிடித்தவருக்கு 1908-லேயே கிடைத்த காப்பு, ஆம்பூரில் தோல் பதனிட்ட கூலித் தொழிலாளிக்கு 1976 திருத்தம் வரும்வரை கிடைக்கவில்லை. தோலைக் கடனுக்கு வாங்கி விற்கும் சிறு வியாபாரிக்கோ இன்றும் இல்லை.

வீட்டைக் காத்தால் ஏழைக்கு யார் கடன் தருவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அடமானம் வைத்த வீட்டை இந்த விலக்கு ஒருபோதும் காத்ததில்லை. அடமானக் கடன் கொடுத்தவர் எதையும் இழக்கவில்லை. கைமாற்றுக் கடனுக்காக ஒரு குடும்பம் தெருவுக்கு வராமல் விலக்கு தடுத்தது, அவ்வளவே. அந்தக் காப்பு, என்ன தொழில் என்று பார்க்காமல், சொந்த வீட்டில் குடியிருப்போர் எல்லோருக்கும் வேண்டும். அடமானக் கடனிலும் இதே பாகுபாடுதான்: அடமானச் சொத்தை வங்கிகள் நீதிமன்றம் போகாமலே கைப்பற்ற வழிசெய்து 2002-இல் வந்த சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்கு விலக்கு தந்தது. அடமானம் வைத்த குடியிருப்பு வீட்டுக்குத் தரவில்லை.