கல்லூரி மாணவர் கிராஸ் கன்ட்ரி ஓட்டம்: ஒரு வரலாற்று நோக்கு

ஓட்டம் நமக்குப் புதிதன்று. இழவுச் செய்தியை ஊர்தோறும் கொண்டு செல்லும் கடமை நம் முன்னோர் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. வெயிலென்றும் மழையென்றும் பாராது வரப்பையும் ஓடையையும் தாண்டி விரைந்து, வாயிலில் நுழையாமல் தெருவில் நின்று சேதி சொல்லித் திரும்பிய கால்கள் அவை. அதே வரப்பும் ஓடையும் மேடும் தாண்டி ஓடுவதை மேல்நாட்டார் கல்விக்கூடத்துப் போட்டியாக்கினர்.

இங்கிலாந்தில் ரக்பி பள்ளியின் ‘கிரிக் ஓட்டம்’ 1830-களின் இறுதியிலேயே தோன்றிவிட்டது. முன்னே ஓடும் மாணவர் காகிதத் துண்டுகளைச் சிதறிச் செல்ல, ஏனையோர் அவற்றையே தடயமாகக் கொண்டு துரத்தும் விளையாட்டும் அங்குப் பரவியிருந்தது. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் 1880-இல் தம்முள் மோதின. செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்றே அன்று இதனைக் கொள்ளலாம். அமெரிக்கக் கல்லூரி ஆடவருக்கான தேசியப் போட்டி 1938-இல் மிச்சிகன் மாநிலத்துக் கிழக்கு லான்சிங் நகரில் தொடங்கிற்று. முதலில் 4 மைலாக இருந்த தூரம் பின்னர் 10 கிலோமீட்டராயிற்று.

இப்போட்டியின் கணக்கு முறை நுட்பமானது. ஓர் அணியில் எழுவர் ஓடுவர். அவருள் முதலில் வரும் ஐவரின் இடங்களைக் கூட்டுவர். கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அதற்கே கோப்பை. ஆகவே, ஒருவன் எல்லாரையும் முந்தி வந்தும் அவன் கல்லூரி தோற்கலாம். ஐந்தாமவன் நூறாவதாக வந்தால் முதல்வன் பெற்றதெல்லாம் வீணாகிவிடும். ஆறாமவனுக்கும் ஏழாமவனுக்கும் புள்ளி இல்லை. எனினும் எதிரணியின் ஐந்தாமவனை அவர்கள் முந்திவிட்டால் எதிரணியின் தொகை ஏறும். ஒரே நட்சத்திரத்தைக் கொண்டாடும் நம் நாட்டு விளையாட்டு இரசிகர்க்கு இம்முறை எளிதில் விளங்குவதில்லை.

கென்ய நாட்டினரான ஹென்றி ரோனோ, வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக மாணவராய் 1976, 1977, 1979 ஆகிய மூன்றாண்டுகளில் இப்போட்டியில் முதலிடம் பெற்றார். 1978-இல் 81 நாள்களுக்குள் நான்கு உலகச் சாதனைகளை நிகழ்த்தியவரும் இவரே. கல்லூரி ஒன்று இடமளித்ததனால் அன்றோ உலகம் அவர் ஆற்றலைக் கண்டது!

இந்தியாவில் 1925-இல் தோன்றிய பல்கலைக்கழகங்களுக்கிடையிலான வாரியம் 1973-இல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமெனப் பெயர் பெற்றது. அகில இந்தியப் பல்கலைக்கழகக் கிராஸ் கன்ட்ரி போட்டி அதன் ஆதரவில் நடைபெறுகிறது. நம் பகுதிக் கல்லூரிகள் நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இருந்தன. 2002-இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் ஏற்பட்டபின், இங்குள்ள மாணவர் அதன் பெயர் பொறித்த பனியனை அணிந்து ஓடும் நிலை வந்தது.

ஓடுவதற்கு விளையாட்டரங்கு வேண்டுவதில்லை. கல்லூரிச் சேர்க்கை வேண்டும். அங்கேதான் நாம் பிந்தினோம். வேலூர் ஊரிசுக் கல்லூரி 1898-இலும், வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இலும் தோன்றிவிட்டன. அட்டவணைச் சாதி மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944-இல்தான் வந்தது. அது வந்த பின்னரும், ஓடும் பருவத்துப் பிள்ளைகள் பலர் சுண்ணாம்புக் குழியருகே பச்சைத் தோலைப் புரட்டிக் கொண்டிருந்தனர். 1970-களில் அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தவே, ஆம்பூரும் இராணிப்பேட்டையும் காலணி உற்பத்தியில் இறங்கின. உலகத்தார் கால்களுக்கு நம்மவர் காலணி தைத்தனர். நம் பிள்ளைகளோ வெறுங்காலுடன் ஓடினர். அபெபெ பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலுடன் வென்றதைச் சொல்லிச் சிலர் நம்மைத் தேற்றுவதுண்டு. அது பெருமைக்குரிய செய்தியே, ஆயினும் காலணி வாங்கித் தராமைக்கு அதனைக் காரணமாக்குதல் தகாது.

புதுக்கோட்டை மாவட்டத்தவரான கோ. லட்சுமணன் 2017-இல் புவனேசுவரம் ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். தமிழகத்து நாட்டுப்புறக் கால்களுக்கு நெடுந்தூரம் எட்டாததன்று.

பாலாற்றின் வறண்ட படுகையில், மணல் எஞ்சியிருக்கும் இடங்களில், விடியுமுன் ஓடும் இளைஞர் உளர். ஓட்டம் முடிந்ததும் சிலர் கல்லூரிப் பேருந்துக்கும் சிலர் காலணித் தொழிற்சாலைப் பேருந்துக்கும் விரைகின்றனர். இவ்விரு சாராருள் முன்னவரே பல்கலைக்கழக அணியில் இடம்பெற இயலும்.