'சண்டை' என்று எழுதாதே

2016 ஜூலை. தெற்கு சூடானின் தலைநகர் ஜூபாவில் அதிபரின் படையும் துணை அதிபரின் படையும் நாலைந்து நாள் சுட்டுக்கொண்டன. நூற்றுக்கணக்கானோர் செத்துப்போனார்கள். அங்கிருந்த ஐ.நா. அமைதிப்படையில் ஜப்பானின் பொறியியல் பிரிவும் ஒன்று. சாலை போட வந்தவர்கள். அன்றாடம் டோக்கியோவுக்கு அறிக்கை அனுப்புவார்கள். அந்த நாட்களில் கண்ணால் கண்டதை 'சண்டை' என்றே எழுதியிருந்தார்கள்.

டோக்கியோவில் அந்தச் சொல் பிடிக்கவில்லை. ஒரு பத்திரிகையாளர் அறிக்கைகளைக் கேட்டபோது, அழித்துவிட்டோம் என்றது பாதுகாப்பு அமைச்சகம். பார்த்தால், பத்திரமாக இருந்திருக்கின்றன. 2017 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் அமைச்சர் தொமோமி இனாதா விளக்கினார்: 'சண்டை' என்றால் அரசியல் சட்டத்தின் 9ஆவது பிரிவோடு சிக்கலாகும், அதனால் 'ஆயுத மோதல்' என்கிறோம். ஜூலையில் அவர் பதவி போனது.

ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு பயம்? கொஞ்சம் பின்னால் போகணும்.

1947இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் ஜப்பான் போரைத் துறந்தது. படையே வைத்துக்கொள்ள மாட்டோம் என்றது. 1954இல் 'தற்காப்புப் படை' என்ற பெயரில் ஒரு படை வந்தது. அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று அதே ஆண்டு நாடாளுமன்ற மேலவை தீர்மானம் போட்டது.

1991 வளைகுடாப் போரில் ஜப்பான் ஆள் அனுப்பவில்லை. 1,300 கோடி டாலர் கொடுத்தது. போர் முடிந்து குவைத் அமெரிக்க நாளிதழ்களில் நன்றி விளம்பரம் வெளியிட்டது. முப்பது நாடுகளின் பெயர்கள் இருந்த பட்டியலில் ஜப்பான் இல்லை. 'காசு நீ கொடு, சாவது நாங்களா?' என்ற ஏளனம் அந்த நாட்டை ரொம்ப ஆழமாகக் குத்தியது.

நியாயமான கேள்விதான் அது. பக்கத்து வீடு எரியும்போது என் கை சுத்தம் என்று நிற்பது அறமா? 1992இல் ஒரு சட்டம் வந்தது: போர்நிறுத்தம் இருந்தால், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால், ஐ.நா.வோடு போகலாம்; போர்நிறுத்தம் முறிந்தால் திரும்பிவிட வேண்டும். சுமார் 600 பொறியியல் வீரர்கள் கம்போடியா போய்ச் சாலையும் பாலமும் சீர்செய்தார்கள். அந்தப் பாலத்தில் நடந்தவரிடம் இது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் நிபந்தனையைக் காப்பாற்ற முடியாதபோது என்ன செய்தார்கள்? சொல்லை மாற்றினார்கள். 2004இல் இராக்கின் சமாவா நகருக்கு வீரர்கள் போனார்கள். 'சண்டை நடக்காத பகுதி'க்கு மட்டுமே போகலாம் என்பது சட்டம். தண்ணீர் சுத்திகரித்தார்கள், பள்ளிக்கூடங்களைப் பழுது பார்த்தார்கள். வெளியே பாதுகாப்புக்கு டச்சுக்காரர்கள், பிறகு ஆஸ்திரேலியர்கள். முகாமை நோக்கி வந்த ராக்கெட் ஒன்று கன்டெய்னரைத் துளைத்தது. எது சண்டை நடக்காத பகுதி என்று கேட்டதற்கு, தற்காப்புப் படை இருக்கும் இடமே அதுதான் என்றார் பிரதமர் கொய்சுமி. 2008இல் நகோயா உயர் நீதிமன்றம், பன்னாட்டுப் படையினரைப் பாக்தாதுக்கு விமானத்தில் ஏற்றிச் சென்றது சட்டவிரோதம் என்றது. அரசு கண்டுகொள்ளவில்லை.

ஜூபாவிலும் அதே கதை. 'சண்டை' என்று ஒத்துக்கொண்டால் போர்நிறுத்தம் முறிந்ததாகிவிடும், படை திரும்ப வேண்டும். அரசோ அந்த நவம்பரில், ஆபத்தில் இருக்கும் மற்றவர்களை ஆயுதத்தோடு போய் மீட்கும் புதிய பொறுப்பையும் அதே படைக்குக் கொடுத்தது.

போகலாமா, கூடாதா என்று கேட்டால் நான் கூடாது பக்கம்தான். போகலாம் என்பவரோடு உட்கார்ந்து பேச முடியும். சட்டத்தை மாற்றுகிறோம், சாவு வரலாம், சம்மதமா என்று அவர் மக்களிடம் நேராகக் கேட்கட்டும். அப்படிக் கேட்காமல், நடப்பதற்கு வேறு பேர் வைத்து அனுப்புவதுதான் மோசம். இப்படிச் செய்தால் அமைதிக்கும் மரியாதை இல்லை, போகிறவனுக்கும் மரியாதை இல்லை. அவன் செத்தால்கூட எங்கே, எதில் செத்தான் என்று வீட்டில் சொல்ல வார்த்தை இருக்காது.

2017 மே மாதம் படை ஊர் திரும்பியது. சண்டையில் யாரும் சாகவில்லை. நல்ல வேளை. ஆனால் அந்த நாட்டின் அமைதிச் சட்டத்தை மதித்தது யார் என்று கேட்டால், குண்டுச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி எழுதிய, பேர் தெரியாத அந்தச் சிப்பாயைத்தான் சொல்வேன்.