ஈசன் தாயான மலை



உப்பிலியபுரத்திலிருந்து துறையூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்வோர்க்குக் காவிரிக் கரையை அடையுமுன்பே மலைக்கோட்டை கண்ணிற்படும். அதைக் கண்டவுடன் கன்னத்திற் போட்டுக்கொள்ளாத பெரியோர் நம் பகுதியில் அரியர். அங்ஙனம் கைகூப்பும்போது நாம் சொல்லும் திருநாமம் யாது? உச்சியில் இருப்பவரை உச்சிப் பிள்ளையார் என்கிறோம். இடையில் எழுந்தருளியிருக்கும் பெருமானைத் தாயுமானவர் என்கிறோம். இவ்விரண்டாம் திருநாமத்தின் வரலாற்றையே இன்று சிந்திக்கப் புகுகின்றோம்.

தலங்களில் இறைவனுக்குத் திருநாமம் பல வழியாக அமையும். திருவானைக்காவில் நாவல் மரத்தால் சம்புகேசுவரர் எனப் பெற்றார். திருப்பைஞ்ஞீலியில் ஞீலி என்னும் வாழையால் ஞீலிவனேசுவரர் ஆனார். நம் மேற்கே கொல்லிமலையில் அறப்பள்ளியால் அறப்பளீசுரர் எனப் பெற்றார். மரத்தாலும் ஊராலும் அமைந்த பெயர்கள் இவை. சிராமலைப் பெருமானுக்கோ, பேறுகாலத்தில் துணையின்றித் தவித்த ஒரு பெண்ணின் துயரத்தால் பெயர் அமைந்தது. அதே மலையில் ஒரு பேரரசன் தன் பெயரையே இறைவனுக்குச் சூட்டிப் பார்த்தான் என்பதையும் சேர்த்து நோக்கினால்தான் இதன் அருமை விளங்கும்.

அம்மலை சுமார் 83 மீட்டர் உயரமுள்ள ஒரே பாறை. அதன் உச்சிப் பகுதியில் ஓர் இயற்கைக் குகையும், அதில் சமண முனிவர் படுத்த கற்படுக்கைகளும் இன்றும் உள்ளன. அங்குப் பொறிக்கப்பெற்ற பெயர்களுள் ‘சிரா’ என்பதும் ஒன்று. சிரா என்பாரது பள்ளியே சிராப்பள்ளியாயிற்று என ஆராய்ச்சியாளருள் ஒரு சாரார் கொள்வர். திரிசிரன் என்னும் மூன்று தலை அசுரன் பூசித்த தலம் என்பது புராண வழக்கு.

தாயுமானவர் சந்நிதியைக் கடந்து உச்சிப் பிள்ளையாரை நோக்கி ஏறும் வழியில் ஒரு குடைவரைக் கோயில் உண்டு. ஏறுவோரிற் பலர் மூச்சிரைக்கும் அவசரத்தில் அதனைப் பாராமலே போய்விடுகின்றனர். கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்தது அது. இலளிதாங்குரன், குணபரன் என்பன அவனுடைய விருதுப் பெயர்கள். அக்கோயிலுக்கு அவன் வைத்த பெயர் ‘இலளிதாங்குர பல்லவேசுவர கிருகம்’ என்பது. அதன் மேற்குச் சுவரில் கங்கையைச் சடையில் ஏற்கும் பெருமானின் திருவுருவம் புடைத்து நிற்கிறது. பல்லவச் சிற்பங்களுள் அதற்கு ஒப்பானவை மிகச் சிலவே என்று துணிந்து கூறலாம்.

அவ்வுருவத்தின் இருமருங்கும் உள்ள தூண்களில் வடமொழிச் சுலோகங்கள் வெட்டப்பட்டுள்ளன. ஹூல்ட்ஸ் என்னும் அறிஞர் 1890-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியில் அவை இடம்பெற்றன. அவற்றின் கருத்து நயமானது. நிலத்தில் உள்ள கோயிலிலிருந்து சோழ நாட்டின் வளத்தையும் காவிரியையும் எவ்வாறு காண்பேன் என்று இறைவன் வினவினானாம். ஆகவே மன்னன் மலைமேல் கோயில் எடுத்தானாம். மற்றொரு சுலோகம் இன்னும் சுவையுடையது. பெருமான் ஆறுகளை விரும்புபவன். கங்கையை ஏற்றவன், காவிரியையும் கண்டு விரும்பிவிடுவானோ என்று மலைமகள் ஐயுற்றாள். அதனால் தன் பிறந்தகத்தை விட்டு இம்மலையிலேயே வந்து தங்கி, ‘இவள் பல்லவனுக்கு உரியவள்’ என்று காவிரியைச் சுட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது அதன் பொருள். காவிரி நாட்டைத் தன்னுடையது என்று சொல்ல அரசன் கண்ட வழி இது! பக்தியும் அரசியலும் ஒரே சுலோகத்தில் கைகோத்து நிற்கின்றன.

பிறிதொரு சுலோகம், மாறான நெறியிலிருந்து மன்னன் திரும்பியதையும், இலிங்க வழிபாட்டில் நிலைத்ததையும் குறிக்கின்றது. சமணத்திலிருந்து சைவம் புக்க செய்தியே இது என்று அறிஞர் பலர் கொள்வர். கங்காதரர் திருமுகத்திலேயே மன்னன் தன் சாயலையும் அமைத்தான் என்று கூறுவாரும் உளர்; அவ்வாதம் இன்னும் முடிந்தபாடில்லை. அத்துணைச் சிறப்புடைய அக்குடைவரையின் கருவறை இன்று வெறுமையாய் இருக்கிறது. இலளிதாங்குர பல்லவேசுவரரே என்று அழைத்து வேண்டிக்கொள்வார் எவருமிலர்.

அம்மன்னன் காலத்தவர் நம் அப்பரடிகள். பெரியபுராணம், அடிகளைத் துன்புறுத்திய பல்லவன் பின்னர்ச் சைவம் சார்ந்து, திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்று கூறும். குணபரன் என்னும் பெயர் சிராமலைக் கல்வெட்டிலும் வருவதால் இருவரும் ஒருவரே என்பர் வரலாற்றறிஞர். எண்ணிப் பாருங்கள்: மன்னனும் அடிகளும் ஒரே நெறியிலிருந்து ஒரே நெறிக்கு வந்தவர்கள். இருவருடைய சொற்களும் இம்மலையைப் பற்றி எஞ்சி நிற்கின்றன. மன்னன் இறைவனுக்குத் தன் பெயரைச் சூட்டினான். அடிகளோ இத்தலத்துக்குப் பாடிய திருக்குறுந்தொகையில், இறைவன் தமக்குத் தாயும் ஆனான் என்றார்.

இச்சொல் எளிதில் வந்ததன்று. இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, தமக்கையார் திலகவதியாரால் வளர்க்கப்பெற்றவர் அவர். சூலை நோய் குடலை முறுக்கியபோது தேடிச் சென்றதும் அத்தமக்கையாரிடமே. தாயை இழந்த ஒருவர் இறைவனைத் தாயென்று அழைப்பதற்கும், நாம் வாய்ப்பழக்கமாய்ச் சொல்வதற்கும் வேறுபாடு உண்டன்றோ?

இனித் தலவரலாறு. சைவ எல்லப்ப நாவலர் பாடிய செவ்வந்திப் புராணத்தில் விரிவாக உள்ளது அது. தனகுத்தன் என்னும் வணிகனின் மனைவி இரத்தினாவதி, சிராமலைப் பெருமானிடம் நீங்காத அன்புடையவள். அவளுக்குப் பேறுகாலம் நெருங்கிற்று. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து அவள் தாய், பேறுகாலத்துக்கு வேண்டிய பொருள்களோடு புறப்பட்டாள். வழியில் காவிரி இருகரையும் புரண்டு ஓடிற்று. தாய் அக்கரையில் நின்றாள். மகளுக்கு இக்கரையில் வலி கண்டுவிட்டது. அவ்வேளையில் தாய் வந்தாள், மருத்துவம் செய்தாள், பிள்ளையை எடுத்துக் குளிப்பாட்டினாள், மகளுக்குப் பத்தியம் பார்த்தாள். வெள்ளம் வடிந்ததும் வாயிலில் மற்றொரு தாய் வந்து நின்றாள்! மகள் திகைத்து இருவரையும் மாறிமாறி நோக்க, முன்னே வந்தவள் மறைந்தாள். விடைமேல் பெருமான் காட்சி தந்தருளினான்.

அன்பர்களே, இரண்டிலும் வருவது அதே காவிரி. மன்னனுடைய சுலோகத்தில் அது அழகி. மலைமகள் ஐயுறும் அளவுக்கு அழகி. பெண்களின் கதையில் அது மகளுக்கும் தாய்க்கும் நடுவே குறுக்கிட்ட வெள்ளம். மலையுச்சியில் நின்று நோக்குவோர்க்கு ஆறு ஒன்றாய்த் தோன்றும். கரையில் நின்று மறுகரைக்குப் போகமாட்டாமல் அழுவோர்க்கு வேறொன்றாய்த் தோன்றும். கொல்லிமலையிலிருந்து இறங்கிப் புளியஞ்சோலை வழியாக வரும் அய்யாற்றில் மழைக்காலத்து வெள்ளத்தைக் கண்டிருக்கும் நம் தாய்மார்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. மலையூர்களிலிருந்து பிள்ளைத்தாய்ச்சியைத் தூளி கட்டி இறக்கி வந்த காலத்தில், அத்தூளியோடு நடந்தவர்கள் எந்தப் பெயரைச் சொல்லி நடந்திருப்பார்கள்?

அப்பரடிகளின் சொல்லிலிருந்தே பிற்காலத்தார் இக்கதையைப் படைத்தனர் என்று ஒரு சாரார் கூறக்கூடும். நிகழ்ந்த அருளிப்பாட்டையே அடிகள் குறித்தார் என்பர் அடியார். நாம் இதில் வழக்காட வரவில்லை. செவ்வந்திநாதர் என்ற பெயரும் இப்பெருமானுக்கு உண்டு. சாரமுனிவர் செவ்வந்தி மலர் வளர்த்துப் பூசித்த வரலாறும், அம்மலரை உறையூர் மன்னனுக்காகக் களவாடியதால் பெருமான் சினந்து மேற்கே உறையூரை நோக்கித் திரும்பி மண்மாரி பெய்வித்த வரலாறும் யாவரும் அறிந்தவையே. அச்சினத்தின் பெயர் மக்கள் நாவில் முதன்மை பெறவில்லை. ஊரை அழித்த ஆற்றலையும் அரசன் தந்த விருதையும் ஒதுக்கிவிட்டு, பிள்ளைப்பேறு பார்த்த கையையே மக்கள் பெயராக எடுத்துக்கொண்டனர். வடமொழியாளரும் மாத்ருபூதேசுவரர் என்று அதனையே மொழிபெயர்த்தனர்.

முழுமுதற் பொருளாகிய பெருமானை மருத்துவச்சியாகக் கூறுவது தகுமோ என்று தயங்குவோரும் உண்டு. பேறுகாலத் தீட்டு என்று ஒதுக்கி வைக்கும் வழக்கமுடைய நாட்டில் இத்தயக்கம் எழுவது இயல்பே. சித்தாந்தம் இதற்கு நேரான விடை தருகிறது. இறைவனுக்கு வினையால் வந்த உடம்பு இல்லை. அவன் கொள்ளும் உருவமெல்லாம் அருளால் கொள்வன. அருளே மேனியானால், அருள் எங்கே வேண்டப்படுகிறதோ அவ்விடத்துக்கு ஏற்ற வடிவமே அம்மேனியின் வடிவம். அறைக்கதவுக்கு வெளியே தீட்டு என்று நாம் நின்றுவிட்ட இடத்தைத் தாண்டி, பெருமான் உள்ளே போயிருக்கிறான். பசித்த அப்பரடிகளுக்குத் திருப்பைஞ்ஞீலி வழியில் பொதிசோறு சுமந்து நின்றவனும் அவனே.

திருவானைக்காவில் நாள்தோறும் உச்சிக்காலத்தில், அருச்சகர் பட்டுப்புடவையும் கிரீடமும் அணிந்து, அகிலாண்டேசுவரியாகவே சென்று சம்புகேசுவரரைப் பூசிக்கும் வழக்கத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். அங்கே ஆடவராகிய அருச்சகர் அம்மையாகிறார். இங்கே அப்பனே அம்மையாகிறான். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு நடந்தே போய்விடலாம். இக்காவிரிக் கரையில் அப்பன், அம்மை என்ற வேற்றுமை ஏனோ மிக மெல்லியதாகவே இருந்திருக்கிறது. சிராமலையில் அம்மை இல்லாமல் போய்விடவில்லை. மட்டுவார்குழலி என்ற அழகிய திருநாமத்தோடு அங்கேயே எழுந்தருளியிருக்கிறாள். அம்மை அருகிருக்கவும் அப்பனே தாயாய்ப் போனான் என்பதில்தான் இத்தலத்தின் தனிச்சுவை உள்ளது.

இத்திருநாமம் பின்னர் ஓர் அருளாளர்க்கும் பெயராயிற்று. திருமறைக்காட்டைச் சேர்ந்த கேடிலியப்பப் பிள்ளை, மூத்த மகனைத் தம் தமையனாருக்குச் சுவீகாரம் கொடுத்துவிட்டு, மீண்டும் ஒரு மகவு வேண்டிச் சிராமலைப் பெருமானை வழிபட்டார். பிறந்த பிள்ளைக்குத் தாயுமானவர் என்றே பெயரிட்டார். அப்பிள்ளை 1706 முதல் 1732 வரை ஆண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கரின் அரண்மனையில் கணக்குப் பார்த்து, மௌனகுருவை அம்மலைக்கோட்டையிலே கண்டு, பின் அரண்மனையைத் துறந்து, இறுதியில் இராமநாதபுரத்தில் சமாதியடைந்தது. அரசர்க்கு அருகில் இருந்தும் அரசர் பெயர் சொல்லிப் பிழையாதவர் அவர்.

இன்றும் சித்திரைப் பெருந்திருவிழாவில் ‘செட்டிப்பெண் மருத்துவம்’ என்னும் நிகழ்ச்சி அத்திருக்கோயிலில் காட்சியாக நிகழ்கிறது. அன்று கருவுற்ற பெண்களும், பேறு வேண்டி நிற்பவர்களும், பெண்ணைப் பெற்ற தாய்மாரும் படியேறி வருகின்றனர். மருத்துவமனையில் எல்லா வசதியும் உள்ள இக்காலத்திலும் அக்கூட்டம் குறையவில்லை. சுகப்பேறு கண்டவர்கள் வாழைத்தார் நேர்ந்துகொண்டு வந்து பெருமான் முன் வைக்கின்றனர். பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தாரைத் தூக்கிவரும் கணவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, மகேந்திரனின் மலைமேல் அவர்கள் ஏறுகின்றனர்.